இட்டார்சிக்குப் பதினோரு நொடி

அப்பா இறந்த பிறகு ஒன்பது கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதில் ஏழு சரி.

அன்றைய நிகழ்ச்சியில் மொத்தம் பதினைந்து கேள்விகள். ஆறாவதற்கும் ஏழாவதற்கும் இடையே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது உயிர் போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது டிவியையும், அதன் கீழே இருந்த பெட்டியின் விளக்குகளையும்தான். ஏழாவது கேள்விக்கு அப்பாவின் பச்சை விளக்கு எரிந்தது. எட்டாவதற்கும் எரிந்தது. கடைசியில் அப்பா ஒரு புள்ளியில் அம்மாவை ஜெயித்தார். தோசை ஊற்றுகிறேன், எழுந்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். மூன்று தோசை ஆறிய பிறகுதான் வந்து தோளைத் தொட்டாள்.

அந்த நேரத்தில் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் அழுத்தும் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். போன் லாக்கரில் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது அம்மாவும் பக்கத்து வீட்டு முனிரத்தினமும் மாறி மாறி முப்பத்தொரு முறை கூப்பிட்டிருந்தார்கள்.

ஐந்து வருஷம் நான் நைட் ஷிப்ட். மாலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேன் ஜோலார்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் வந்து நிற்கும். காலையில் வந்து படுத்தால் நான்கரைக்கு எழுந்திருப்பேன். அப்பாவுடன் சேர்ந்து உட்கார்ந்து பேசிய நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு வாரம்கூடத் தேறாது. காரியம் முடிந்த மறுநாள் வேலையை விட்டேன். துக்கத்தால் என்று முனிரத்தினம் எல்லோரிடமும் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை. மறுபடி அந்த லாக்கரில் போனை வைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

நிகழ்ச்சியின் பெயர் ‘நாலில் ஒன்று’. தினமும் ஏழரை மணிக்கு. டிவியில் ஒருவர் போட்டியிட, வீட்டில் இருப்பவர்களும் கூடவே ஆடலாம். அதற்காக நிகழ்ச்சிக்காரர்கள் வீட்டுக்கு வீடு கொடுத்ததுதான் அந்தப் பெட்டி. நான்கு இருக்கை, நான்கு விளக்கு. அப்பா பச்சை, அம்மா சிவப்பு, நான் மஞ்சள். நீலம் காலி. வாயால் விடை சொன்னால் நம் விளக்கு எரியும், நாம் சொன்ன எழுத்து திரையின் ஓரத்தில் வரும். ஊரில் முதல் பத்து இடத்தில் இருக்கும் வீடுகளின் பெயர் கடைசியில் ஓடும். ‘தர்மலிங்கம் – ராஜாமணி இல்லம்’ என்று அது ஓடும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு நடை போய்வருவார்.

ஒரு இருக்கை ஒரு நாள் ஆடாவிட்டாலும் வீடு பட்டியலின் அடிக்குப் போய்விடும் என்பது ஆரம்பத்தில் இருந்த விதி. எங்கள் ஊரில் பாதிப் பேர் ரயில்வே, மீதிப் பேர் தோல், ஷூ கம்பெனி. ஷிப்டில் இருப்பவன் எப்படி ஏழரைக்கு வீட்டில் இருப்பான்? எல்லோரும் சண்டை போட்டபிறகு பதிலாள் வந்தது. பெட்டி ஒரு வருஷம் நாம் ஆடுவதைக் கேட்கும். எதில் தப்புவோம், எதில் திணறுவோம், எதற்கு முந்திக்கொள்வோம் என்று படித்துக்கொள்ளும். அதன் பிறகு நாம் இரண்டு நிமிஷம் வாய் திறக்காவிட்டால் நம் இருக்கையில் பதிலாள் உட்கார்ந்து நம்மைப் போலவே ஆடும். நம் சரியையும் சொல்லும், நம் தப்பையும் சொல்லும். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், அதை முந்திக்கொண்டு நாம் விடை சொன்னால்தான் எழுந்திருக்கும். அதற்குக் குரல் கிடையாது. விளக்கு மட்டும்தான்.

அப்பா இறந்த இரண்டு நிமிஷத்தில் அதுதான் நடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலை அம்மா டிவியைப் போட்டாள். முதல் கேள்விக்கு மூன்று விளக்கும் எரிந்தன. அதில் மஞ்சள் என்னுடையது. நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் திறந்து பார்த்தேன். நான் விடையைச் சொல்வதற்குள் மஞ்சள் எரிந்துவிட்டது. அதன் பிறகும் அப்படித்தான். நாலு விடைகளையும் படித்து முடிக்குமுன்பே மஞ்சள் பாய்ந்துவிடும். இருபத்து நாலு வயதில் நான் அப்படி இருந்திருக்கிறேன். இப்போது முப்பது.

"பெட்டியில இருக்கிறவன் இன்னும் அதே முந்திரிக்கொட்டைதான்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஒரு செல்லம் இருந்தது. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பென்ஷன் ஆபீசுக்கு, ரேஷன் கடைக்கு, வாக்காளர் பட்டியலுக்கு என்று இறப்புச் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் பெயரை நீக்கியது அம்மாதான். ஒரு இடத்தையும் விடவில்லை. பெட்டியிடம் மட்டும் சொல்லவில்லை.

எனக்கு அது பழகியே போயிருக்கும். பகலில் நடந்ததுதான் பழகவில்லை. மதியம் மூன்று மணிக்கு டிவி அணைந்திருக்கும்போது பச்சை விளக்கு எரியும். ஒரு நொடி நிற்கும், அணையும், மறுபடி எரியும். பத்து நிமிஷம், சில நாள் அரை மணி நேரம். அறையில் யாரும் இருக்கமாட்டார்கள். யாரோ கேட்பதுபோலவும் அப்பா பொறுமையாகப் பதில் சொல்வதுபோலவும் இருக்கும். அம்மா அந்த நேரத்தில் அந்த அறைக்குள் போகமாட்டாள். "ஏதோ வேலையா இருக்காரு" என்பாள்.

நோட்டீஸ் வந்தது அதற்குப் பிறகு. எல்லா இருக்கைகளையும் சரிபார்க்கப் போகிறார்கள். பென்ஷன்காரர் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுப்பதைப் போல, இருக்கைக்காரர் நேரில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். தவறினால் இருக்கை நீக்கப்படும். எங்கள் தெருவுக்கு இன்னும் ஐம்பது நாள்.

பின் தெருவுக்கு அந்த வாரமே வந்துவிட்டார்கள். முனிரத்தினத்தின் வீட்டு வாசல் அந்தத் தெருவில்தான். அவருடைய மனைவி கனகா போய் மூன்று வருஷம். கனகாவின் இருக்கைக்கு அவரே உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். பத்துக்கு இரண்டுதான் கனகாவின் விடையோடு பொருந்தியது, இருக்கை போய்விட்டது. அன்று மாலை ஏழரைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து கதவருகிலேயே நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பச்சை விளக்கு எரிவதை ஐந்தாறு முறை பார்த்தார்.

"எல்லா கேள்விக்கும் கரெக்டா சொன்னேன் தங்கச்சி" என்றார் அம்மாவிடம். "அதான் தப்பாப் போச்சு."

மறு வாரம் அவர் வீட்டு டிவி தள்ளுவண்டியில் போவதைப் பார்த்தேன்.

நான் அம்மாவிடம் நேரடியாகவே சொன்னேன், போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. செத்தவரை வைத்துக்கொண்டு தினமும் ஆடுவது நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை என்றேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அவரு செத்தது எனக்குத் தெரியாதாடா? தொட்டுப் பாத்தவ நானு." இன்னொரு கல்லை எடுத்து வெளியே வீசினாள். "அவர்கூட உக்காந்து பேச உனக்கு அஞ்சு வருஷம் இருந்துச்சு. நீ தூங்கின. எனக்கு இருக்கறது ஏழரைலருந்து எட்டரை வரைக்கும். அதையும் புடுங்காத."

அப்பாவைப் போலப் பதில் சொல்ல எனக்குக் கற்றுக்கொடு என்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்குப் பயிற்சி. பெட்டியில் பழைய ஆட்டங்கள் மூன்று மாதத்துக்கு இருக்கும். கேள்வி, அப்பாவின் விடை, எடுத்துக்கொண்ட நொடி. அந்த மூன்று மாதமும் ஆடியது பதிலாள். பதிலாளைப் பார்த்து நான் அப்பாவைப் படித்தேன். அது பிசகும் இடத்தில் அம்மா திருத்தினாள்.

அப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டர். ஓடும் ரயிலில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்துப் பையில் போடுகிற வேலை. முப்பத்து நாலு வருஷம். அவர் தப்பு பண்ணுவதெல்லாம் அந்த வேலையிலிருந்து வந்தது. தூரத்தை அவர் கிலோமீட்டரில் அளக்கமாட்டார். பை எத்தனை முறை வண்டி மாறுகிறது என்பதுதான் கணக்கு. சென்னைக்குப் பக்கம் புதுச்சேரியா ஜோலார்பேட்டையா என்று கேட்டால் ஜோலார்பேட்டை என்பார். புதுச்சேரிப் பை விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டிக்குக் காத்திருக்கவேண்டும், ஜோலார்பேட்டைப் பை நேராக வந்து இறங்கும், ஆகவே இதுதான் பக்கம். தப்பு என்று டிவி சொன்னால் டிவிக்காரனுக்கு வண்டி தெரியாது என்பார். இதே தப்பை ஆறு வருஷத்தில் பதினேழு முறை செய்திருக்கிறார் என்று அம்மா சொன்னாள். எண்ணி வைத்திருந்தாள்.

சினிமாக் கேள்வி என்றால் யோசிக்கவே மாட்டார். மூன்றாவது விடை. எப்போதும் மூன்றாவது. உடம்பு, அறிவியல் என்றால் "இரு, இரு" என்று அம்மாவின் சிவப்பு எரியும்வரை காத்திருந்து, அவள் சொன்னதைத் தவிர வேறொன்றைச் சொல்வார். நிச்சயமாகத் தெரிந்த விடை என்றால் முதலில் "வண்டி வந்தாச்சு" என்பார். பிறகு விடை.

இதெல்லாம் பத்து நாளில் வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அறிவைப் படிப்பதைவிடத் தப்பைப் படிப்பது சுலபம். ஏனென்றால் தப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்குள் அந்த ஆள் இருக்கிறார்.

ஒரே ஒரு இடம்தான் பிடிபடவில்லை. இட்டார்சி. வடக்கே, மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் ரயில் சந்திப்பு. நாலு விடைகளில் எங்காவது அந்தப் பெயர் வந்தால் அப்பா நின்றுவிடுவார். அது சரியான விடையாக இருந்தாலும், இல்லாவிட்டாலும். பதினோரு நொடி. ரயில் நிலையங்களைப் பற்றிய மற்ற எந்தக் கேள்விக்கும் அவருக்கு இரண்டு நொடிக்கு மேல் ஆனதில்லை.

"இதுக்கு மட்டும் ஏம்மா இவ்ளோ நேரம்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அந்தப் பக்கம் போட்டிருந்தாங்க."

"அங்க என்ன?"

"கேட்டதில்ல."

முப்பத்து மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள். கேட்டதில்லை. எனக்குக் காரணம் தெரியாமல் அந்தப் பதினோரு நொடியைச் செய்யவேண்டியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்று, இரண்டு என்று. எண்ணினால் அது வெறும் எண்ணிக்கையாக இருந்தது. அம்மா தலையை ஆட்டினாள். "அவரு எண்ண மாட்டாரு. அவரு இங்க இருக்க மாட்டாரு." தினமும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி நின்று பழகினேன். குளிக்கும்போது, கடைக்கு நடக்கும்போது. இட்டார்சி. ஒரு மாதம் கழித்து எண்ணாமலே பதினோரு நொடி வந்தது.

அந்த மாதத்தில் வேறு சிலதும் வந்தன. வெற்றிலை போடாத நான், வெற்றிலை போடும் அப்பாவைப் போல நாக்கைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கடைக்காரர் ஏதோ கேட்டதற்கு "இரு, இரு" என்றேன். அவர் அப்பாவுடன் படித்தவர். பொட்டலத்தைக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

சரிபார்க்க வந்தவள் பெயர் பெனிட்டா. இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டியை நிழலில் நிறுத்திவிட்டு வந்தாள். கையில் ரேஷன் கடையில் கைரேகை வைப்பார்களே, அந்த அளவுக்கு ஒரு கருவி. அம்மா மோர் கொடுத்தாள். அவள் குடித்துக்கொண்டே விதிகளைச் சொன்னாள். ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவேண்டும். கூட ஆள் இருந்தால் தயக்கம் மாறிவிடுமாம். பத்தில் ஏழு பொருந்தவேண்டும். சரியான விடையா என்பது முக்கியமில்லை, அந்த ஆளின் விடையா என்பதுதான் கேள்வி.

"குரல வச்சு கண்டுபிடிக்காதா?" என்றேன். என் குரலும் அப்பாவின் குரலும் போனில் ஒன்றுபோல இருக்கும் என்பார்கள், இருந்தாலும் பயம்.

"குரல் மாறும்ணா. சளி புடிச்சா மாறும், பல்லு விழுந்தா மாறும். தயக்கம் மாறாது."

எதற்காக இதெல்லாம் என்று கேட்டேன். அவள் வாசலுக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள். பதிலாள்களிடம் பகலில் வேறு கேள்விகள் கேட்கிறார்கள். எந்த சோப்பு வாங்குவீர்கள், எந்தக் கட்சி, மருமகன் வேறு சாதியில் வந்தால் என்ன செய்வீர்கள். மனிதர்களைத் தேடிப் போய்க் கேட்பதைவிட இது சுலபம். ஒரே மத்தியானத்தில் ஒரு மாவட்டத்தையே கேட்டுவிடலாம்.

"மதியம் மூணு மணிக்கா?"

"ரெண்டரைலருந்து. ஆனா கேட்ட கம்பெனிங்க இப்ப சண்ட போடறாங்க. நீங்க குடுத்த ஜனங்க சொன்ன சோப்ப செஞ்சோம், வாங்க ஆள் இல்லன்னு. போய்ப் பாத்தா அதுல கால்வாசி செத்தவங்க." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "செத்தவங்க கருத்து சொல்லுவாங்க. சோப்பு வாங்க மாட்டாங்க."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் படம் அந்தச் சுவரில்தான் இருந்தது. மாலை போட்டு, பொட்டு வைத்து. அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பெனிட்டா படத்தைப் பார்த்தாள். பிறகு கருவியை என் கையில் கொடுத்தாள். "தர்மலிங்கம் சார் மொதல்ல. நான் வெளிய வேப்ப மரத்துக்கிட்ட நிக்கறேன். உள்ள யார் போறாங்கன்னு நான் பாக்கறதில்லண்ணா. பாத்தா எழுதணும். பாக்கலன்னா எழுத வேண்டாம்."

நான் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

முதல் கேள்வி சினிமா. மூன்றாவது என்றேன். இரண்டாவது, சென்னைக்கு அருகில் உள்ள ஊர். ஜோலார்பேட்டை. மனித உடலின் மிகப் பெரிய உள்ளுறுப்பு எது என்று கேட்டது. "இரு, இரு" என்று காத்திருந்து, அம்மா கல்லீரல் என்பாள் என்று தெரிந்ததால் இரைப்பை என்றேன். ஆறாவது கேள்வி: இவற்றில் மத்தியப் பிரதேசத்தில் உள்ள ரயில் சந்திப்பு எது? விஜயவாடா, பல்ஹார்ஷா, இட்டார்சி, நாக்பூர்.

இங்கே நான் ஒழுங்காக இரண்டு நொடியில் சொல்லியிருந்தால் போதும். அப்பா போயிருப்பார். அதுவும் மனதில் ஓடியது. ஓடி முடிவதற்குள் நான் அந்த இடத்தில் இல்லை. யாரோ வருவதாகச் சொல்லியிருப்பதுபோலவும், வண்டி கிளம்ப நேரமாகிவிட்டதுபோலவும், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பதுபோலவும் இருந்தது. யார் என்று தெரியவில்லை. யாரும் வரவில்லை. "வண்டி வந்தாச்சு. இட்டார்சி" என்றேன். கருவியின் ஓரத்தில் 11.2 என்று இருந்தது.

பத்தும் முடிந்து வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. அம்மா உள்ளே போய் அவளுடையதை நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டு வந்தாள். மிச்சம் இருந்தது மஞ்சள் இருக்கை. அதற்கு நான் தயார் செய்யவில்லை. என்னைப் போல நடிக்க நான் எதற்குப் படிக்கவேண்டும்? சிரித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

முதல் கேள்வி, ஒரு பாட்டு எந்தப் படத்தில் வந்தது என்று. எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு. வாய் மூன்றாவது என்றது. அது தப்பு. இரண்டாவதில் நாலு ஊர்களில் சேலத்திலிருந்து தொலைவானது எது என்று கேட்டபோது எனக்கு வரைபடம் தெரியவில்லை, ஒரு பை இறங்கி நடைமேடையில் கிடப்பது தெரிந்தது. இருபத்து நாலு வயதில் எப்படிப் பாய்வேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். பாய்ந்தேன். பாய வேண்டும் என்று நினைத்துப் பாய்வதற்குக் கருவி வேறு நேரம் காட்டியது. எட்டாவது கேள்வி, நர்மதை நதிக் கரையில் இருக்கும் நகரம் எது என்பது. விடை ஜபல்பூர் என்று எனக்குத் தெரியும். நாலாவது விடையாக இட்டார்சி இருந்தது.

நான் நின்றேன். நிற்க வேண்டியதில்லை என்று தெரிந்தும் நின்றேன். பதினோரு நொடி கழித்துத்தான் திரும்பி வந்தேன்.

பெனிட்டா மரத்தடியிலேயே முடிவைப் பார்த்தாள். மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தாள். "அப்பா ஏழு. அம்மா பத்து." பிறகு குரலை இறக்கினாள். "உங்களது மூணுண்ணா."

"அது எப்படி? நான்தானே உக்காந்தேன்?"

"இருக்கைக்காரர் இல்லன்னு வருது."

"நான் உன் முன்னாடி நிக்கிறேன்."

"நிக்கறீங்க." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் யாரையும் பாக்கறதில்லன்னு சொன்னேன்ல."

கெட்டவள் இல்லை. நீல இருக்கையில் புதிதாகப் பதிந்துகொள்ளலாம், ஒரு வருஷம் ஆடினால் பெட்டி என்னையும் படித்துவிடும் என்றாள். போகும்போது இன்னொன்றும் சொன்னாள்: சரிபார்த்த இருக்கைகளில் இனிமேல் ஆள் வாய் திறந்ததுமே பதிலாள் உடனே எழுந்து இடம் கொடுத்துவிடும். சோப்புக்காரர்களுக்காகச் செய்த மாற்றம். ஸ்கூட்டி முனை திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன்.

உள்ளே அம்மா பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு ஏழு வந்தது, என் இருக்கைதான் போய்விட்டது என்றேன். தலையை ஆட்டினாள். அவள் விரல் மஞ்சள் விளக்கின் மேல் இருந்தது. எரியாத விளக்கு.

"அஞ்சு வருஷம்" என்றாள். "ஒரு நாள் விடாம வந்தான்."

பிறகு அழுதாள். அப்பா போனபோது ஊரே பார்க்க அவள் அழாமல் நின்றதைப் பற்றித் தெருவில் பேச்சு இருந்தது. இப்போது வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, மகனைப் பறிகொடுத்தவள் அழுவதுபோல அழுதாள். நான் அவள் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நான்தான் இருக்கிறேனே என்று சொல்லலாம் என்று வந்தது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியாததால் சொல்லவில்லை.

மாலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து டிவியைப் போட்டாள். சோபாவில் துவைத்த துணி குவிந்திருந்தது, அதனால் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதனால்தான் என்று நினைக்கிறேன். ஏழு இருபத்தைந்துக்கு டீ வந்தது. நீல இருக்கையில் பதிந்துகொள்வதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் நாலு கேள்விக்குப் பச்சையும் சிவப்பும் எரிந்தன. மஞ்சள் இருந்த இடம் விழுந்த பல்லைப் போல இருந்தது. அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் அங்கே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விடை சொன்னாள்.

ஐந்தாவது கேள்வி: கொங்கண் ரயில் பாதை தொடங்கும் இடம் எது? நாலு ஊர்கள். எனக்குத் தெரியாது. கொங்கண் பக்கம் நான் போனதே இல்லை, படித்ததும் இல்லை.

"வண்டி வந்தாச்சு" என்றேன். "ரோஹா."

பச்சை விளக்கு எரிந்தது. விடை சரி என்று டிவி கைதட்டியது.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே, பல நாள் கழித்து, லேசாகச் சிரித்தாள். "இன்னைக்குச் சீக்கிரம் சொல்லிட்டீங்க" என்றாள்.

நான் டம்ளரை எடுத்து மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, டீயில் சர்க்கரை இல்லை. அப்பாவுக்குத்தான் சர்க்கரை ஆகாது. எனக்கு எப்போதும் இரண்டு ஸ்பூன் போடுவாள். தெரிந்து செய்தாளா, கை மறந்துவிட்டதா என்று கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. ஆறாவது கேள்வி வந்துவிட்டது. அது முடிந்தால் விளம்பரம்.